நல்ல தண்ணீர் கொடுத்த பவளராணி

ஒத்தப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயம் என்கிற வரிசை வீடுகளில், பவளராணியின் வாய்க்குத் தப்பியவர் என்று ஒருவரும் கிடையாது. தோட்டத்துத் துரை, கோயில் தலைவர், அப்புத்தளை பஸ்ஸை நினைத்த நேரத்துக்குக் கொண்டுவருகிற டிரைவர், கட்டிய புருஷன் அழகையா, எல்லாரையும் ஒரே தராசில்தான் போடுவாள். எல்லாரும் எடை குறைவாகத்தான் நிற்பார்கள். அழகையா அவளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதே வாயைத் திறக்காமல் இருந்ததால்தான். தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்குக் காவல் வேலை. மூட்டைகள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதால் அந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவளையும் முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது. பத்து வயதில் தாயைப் பறிகொடுத்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினெட்டில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள். மலையில் அவளை முந்திக் கொழுந்து எடுத்த பெண் இல்லை. குடியிருக்கிற ஒற்றைக் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன இஸ்தோப்புத் திண்ணையைத் தினமும் துடைத்து வைப்பாள்; அதில் செருப்புக் காலோடு ஏறியவர்கள் மறுபடி ஏறியதில்லை. "நாம கூலிக்காரங்கதான், குப்பைக்காரங்க இல்ல" என்பாள். அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அதைச் சொல்வாள்.

அவளுடைய பெருமையெல்லாம் விருந்தாளி வரும்போது வெளிப்படும். லயத்துக்குக் கீழே, ரோடு வளைகிற இடத்தில், பாறை இடுக்கிலிருந்து ஒரு பீலி விழுகிறது. தகரத்தை மடித்து ஊற்றுக்கு வாய் வைத்திருப்பார்கள், பளிங்காகக் கொட்டும். குடத்தோடு இறங்குவது லேசு, நிறைகுடத்தோடு ஏறுவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். அதனால் அன்றாடப் பாட்டுக்கு அந்தத் தண்ணீர் கிடையாது. யாராவது வருகிறார்கள் என்றால் மட்டும் பவளராணி குடத்தை எடுப்பாள். வந்தவருக்குக் குழாய்த் தண்ணீரில் தேத்தண்ணி கொடுப்பது மேல் லயத்தில் எச்சில் தட்டில் சோறு போடுவதற்குச் சமம். வீட்டு மனிதர்களுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். நம் வயிறு நம்மோடு.

அந்தக் குழாயைக் கொண்டுவந்தவர்கள் 'பசுந்துளி'க்காரர்கள். பண்டாரவளையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சிறிய அமைப்பு. சுற்றாடல் சுகாதாரம் அவர்கள் தொழில். பணிப்பாளர் தயாபரன் நல்ல பேச்சுக்காரர். 'மக்கள்' என்ற சொல் வரும்போது மட்டும் குரலை ஒரு படி இறக்கிக்கொள்வார், செத்த வீட்டில் பேசுகிற மாதிரி. மேல் லயத்துக்குச் சுத்தமான குடிநீர் கொடுப்பது என்று அவர்கள் ஆறு வருடத்துக்கு முன்னால் தீர்மானித்தார்கள். காட்டோரத்தில் அருமையான ஊற்று இருந்தது. ஆனால் அங்கே தொட்டி கட்டினால் பணம் கொடுத்துத் திறப்பு விழாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ஏற வேண்டும், அட்டை கடிக்கும், போட்டோவில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். ஆகவே ஜீப் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கக்கூஸ் வரிசைக்கு நேர் கீழே, கசிந்து வந்த தண்ணீரைத் தேக்கித் தொட்டி கட்டினார்கள். நீல வர்ணம் பூசி, அதில் ஒரு துளியும் வரைந்தார்கள். துளி மிகவும் அழகாக வந்திருந்தது.

திறப்பு விழாவில் எல்லாரும் கைதட்டினார்கள். பவளராணியும் தட்டினாள். தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க அங்கே யாருக்கும் கண் இல்லாமல் இல்லை. வருகிற சீதேவியை எதற்குக் கேள்வி கேட்பது என்று இருந்துவிட்டார்கள். நீர்க் குழுவுக்கு ஒரு தலைவி வேண்டும் என்றார்கள். அதிகமாகப் பேசுகிறவள் அவள்தான் என்பதால் அவளையே போட்டார்கள்.

அதிலிருந்து மாசி மாதம் வந்தால் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க சுதர்ஷினி வருவாள். 'பசுந்துளி'யின் வெளிக்கள உத்தியோகத்தர். அவளும் இன்னொரு தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைதான். ஆனால் டவுனில் படித்து சப்பாத்துப் போட்ட பிறகு புல்லில் கால் வைக்க மாட்டாள். ஆட்டோவை லயத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து, இஸ்தோப்பில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்து நீட்டுவாள்.

"அக்கா, இதுல குழாய்த் தண்ணி புடிச்சுக் குடுங்க. ஒரு போத்தல் போதும்."

"நீ உக்காரு பிள்ள. தேத்தண்ணி ஆறுது பாரு."

ஆய்வுகூடத்தில் கிருமி நீக்கி, மூடி இறுக்கி அனுப்பிய போத்தல் அது. பவளராணி அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்த் திறந்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, வெந்நீர் விட்டு இரண்டு தரம் அலசுவாள். பிறகு விருந்தாளிக்கென்று விடியற்காலையில் பீலியிலிருந்து சுமந்து வந்த குடத்தைச் சாய்த்து, அதை நிரப்புவாள். ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அவளுக்குக் கிடையாது. லயத்துத் தண்ணீர் ஊர்விட்டு ஊர் போகிறது, நாலு படித்தவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு மட்டும் நாற்றத் தண்ணீரையா கொடுத்தனுப்புவது? மேல் லயத்துப் பெண்கள் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒரு வருடம் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்து வீட்டுக்காரி தானாகவே பீலிக்கு இறங்கிப் போய் வந்தாள். லயத்து மானம் அல்லவா?

முடிவு பிரமாதமாக வந்தது. வருடா வருடம் பிரமாதமாக வந்தது. பாதுகாப்பான குடிநீர், நூறு வீதம். சித்திரையில் பண்டாரவளை ஹோட்டல் மண்டபத்தில் 'பசுந்துளி'யின் ஆண்டு முன்னேற்றக் கூட்டம் நடக்கும். வழுவழுப்பான புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். அட்டையில் பவளராணி குழாயைத் திறந்தபடி சிரிப்பாள். அவளைப் பட்டுச் சேலையில் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். தயாபரன் திரையில் கோடுகளைக் காட்டிப் பேசுவார். கோடுகள் எல்லாம் மேல்நோக்கியே போகும். 'பசுந்துளி' தொட்ட எதுவும் அந்த மண்டபத்தில் கீழே இறங்கியதில்லை. மேசை தோறும் சீல் வைத்த கடைத் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். தோட்ட மக்களுக்குக் கிடைத்த சுத்தமான நீரைப் பற்றி ஒவ்வொருவராக எழுந்து புகழ்ந்துவிட்டு, உட்கார்ந்து அதைக் குடிப்பார்கள்.

பவளராணி அதையும் கவனித்தாள். கேக் நன்றாக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

கீழ் லயத்தில் நடந்தது வேறு. ஒரு மாசியில் அங்கேயும் மாதிரி கேட்டபோது மாரியாயி என்கிற பெண், போத்தலை அவர்கள் தண்ணீர் அள்ளுகிற கான் வாய்க்காலிலேயே அமுக்கி எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அப்படியே நீட்டிவிட்டாள். அதற்குள் ஒரு இலை மிதந்ததாம். செய்தி மலைக்கு வந்ததும் பவளராணிக்குக் கொண்டாட்டம்.

"வெக்கங்கெட்ட சனம்! வந்தவங்களுக்கு நல்ல தண்ணி குடுக்கணும்ங்கிற அறிவு கூட இல்ல பாரு. எல படைச்சுக் குடுத்திருக்கா, எல!"

மாரியாயி இரண்டு நிரை தள்ளித்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டும் கேட்காதது போல இருந்தாள். பவளராணி ஒரு மாதத்துக்கு அதை விடவில்லை, காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், கோயிலில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், எங்கே கண்டாலும் "எல எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

ஆடியில் குழாய்கள் வந்து இறங்கின. காட்டோரத்து ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் போட்டு நல்ல தண்ணீர் கொண்டுபோகப் போகிறார்கள். எங்கே? கீழ் லயத்துக்கு. குழாய் பவளராணியின் அடுப்படிச் சுவருக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில், மேல் லயத்தை நின்று பார்க்காமல் கீழே இறங்கிப் போயிற்று. அவள் ஓடிப்போய் சுதர்ஷினியைப் பிடித்தாள்.

"பிள்ள, எங்க லயத்தத் தாண்டித்தானே போகுது. இதுல எங்களுக்கும் ஒரு வாய் வச்சுக் குடுத்தா என்ன?"

"உங்களுக்குத்தான் நூறு வீதம் வந்திருக்கேக்கா. பிரச்சின உள்ள எடத்துக்குத்தான் இந்தத் திட்டம். கீழ் லயத்து ரிசல்ட்டு ரொம்ப மோசம்."

பவளராணிக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் இத்தனை வருடம் உட்கார்ந்த முன்வரிசை என்னாவது? அதோடு கீழ் லயம் கேட்டுச் சிரிக்கும். வீட்டுக்கு வந்து, "கெடக்கு, நமக்கென்ன குடிக்கத் தண்ணி இல்லாமலா போச்சு" என்று அழகையாவிடம் எரிந்து விழுந்தாள். அவர் வழக்கம்போல வேலைக்குப் புறப்பட்டார்.

புரட்டாசியில் மகள் நிரஞ்சலா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவள்; புருஷன் சதீஸ்குமார் அங்கேயே இன்னொரு கடையில் நிற்கிறான். பிள்ளைத்தாய்ச்சி மகளுக்குப் பவளராணி ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் பீலிக்கு இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவள் விருந்தாளி. மழை பிடித்தது, ஏற்றம் வழுக்கியது, அவளுடைய முழங்காலும் வீங்கியது. பதினைந்து நாள் போனதும் நிரஞ்சலா வீட்டு மனுஷி ஆகிவிட்டாள். அவளுக்கும் குழாய்த் தண்ணீர் வந்தது.

"அம்மா, இதுல ஒரு மாதிரி வாட அடிக்குதும்மா."

"கொழும்புக்குப் போய் மூக்கு நீண்டு போச்சு. இதக் குடிச்சுத்தான் நீ வளந்த."

அதுவும் பொய். தொட்டி கட்டுவதற்கு முன்னாலேயே அவள் வளர்ந்துவிட்டாள்.

கார்த்திகை மழையில் கக்கூஸ் குழிகள் நிரம்பிக் கசிந்தன. லயத்துக் குழந்தைகள் இரண்டுக்குக் கண் மஞ்சளானது. பிறகு ஒரு கிழவருக்கு. பிறகு நிரஞ்சலாவுக்கு. சோறு கண்டால் குமட்டியது, சிறுநீர் சாயம்போல் போனது, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு எழுந்து நிற்க முடியாமல் சுருண்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னபோது, பவளராணி மகளின் கட்டிலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லயத்தைப் பார்க்க சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். குழாய்த் தண்ணீர் என்றார்கள்.

"அது சுத்தமான தண்ணியாச்சே. வருசா வருசம் டெஸ்ட் பண்ணி நூறு வீதம்னு போட்டிருக்காங்க. அப்ப சாப்பாட்டுலதான் வந்திருக்கும். கடை வடை வாங்கிச் சாப்பிட்டீங்களா?"

எல்லாப் பெண்களும் பவளராணியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். தான் அலசி அலசி நிரப்பிக் கொடுத்த போத்தல்தான் தன் மகளைப் படுக்கையில் தள்ளியது என்பது அந்த இடத்தில் அவளுக்கு உறைத்தது. பரிசோதகர் வடையைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்.

நிரஞ்சலா தப்பினாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே பவளராணி பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனாள். ஹாட்வெயார் கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறினால், அலுவலகச் சுவரில் அவளே சட்டம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"வாங்க வாங்க, பவளக்கா! எங்க வெற்றிக் கதையே நேர்ல வந்திருக்கு" என்று தயாபரன் எழுந்தார்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். வருசா வருசம் நான் குடுத்தது கொழாத் தண்ணி இல்ல. பீலித் தண்ணி. கொழாத் தண்ணியில பீ நாத்தம் அடிக்குது. எம் மகளுக்கு மஞ்சக்காமால வந்து சாகக் கெடந்தா. அந்தத் தொட்டிய மாத்திக் குடுங்க. இல்லாட்டி கீழ் லயத்துக்குப் போற பைப்புல எங்களுக்கும் ஒரு வாய் குடுங்க. எங் காலு போச்சு தம்பி, தெனம் பீலிக்கு எறங்க முடியல. பச்சப்புள்ள ஒண்ணு வரப்போகுது."

இத்தனை வருடம் யாரிடமும் கெஞ்சாத வாய் அது. தயாபரன் கதவைச் சாத்தினார். தேத்தண்ணிக்குச் சொன்னார். மிகவும் வருத்தப்பட்டார், குரல் ஒரு படி இறங்கியது.

"இத வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதீங்கக்கா. இத்தன வருச ரிப்போர்ட்டும் பொய்யின்னு ஆயிரும். அப்புறம் உங்களுக்கும் இல்ல, கீழ் லயத்துக்கும் இல்ல, ஒருத்தரும் ஒரு சதம் தரமாட்டாங்க. மாசியில சுதர்ஷினி வருவா. அப்ப உண்மையான தண்ணியக் குடுங்க. ரிசல்ட்டு கெட்டு வந்தா, அத வச்சே நான் பைப்புக்குக் கேப்பேன். என் மேல நம்பிக்க வைங்க."

நம்பினாள். உலகத்தில் ஒருத்தரையும் நம்பாதவள், கைகட்டி நின்று கேட்டபின் நம்பினாள். வேறு வழி என்ன இருந்தது?

தையில் நிரஞ்சலாவுக்குப் பெண் பிறந்தது. நிறை குறைந்த பிள்ளை, அழுதால் பூனைக்குட்டி முனகுவது போல இருந்தது. தாய்க்குப் பால் போதவில்லை. பால்மா கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், நல்ல தண்ணீரில். பவளராணி முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பீலிக்கு இறங்கினாள். முடியாத நாளில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, மறுபடி கொதிக்க வைத்து, பயந்துகொண்டே கரைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கறுப்புக் குழாயில் ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். அவளுக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். மாசி வரவேண்டும், போத்தல் வரவேண்டும்.

வந்தது. சுதர்ஷினி அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே போத்தலை நீட்டினாள். பவளராணி இந்தத் தடவை அடுப்படிக்குள் போகவில்லை. எல்லாரும் பார்க்க முற்றத்துக் குழாயடிக்குப் போய், மூடியைத் திறந்து, அப்படியே பிடித்தாள். இரவு மழை பெய்திருந்தது. தண்ணீர் கலங்கல் மஞ்சளாக விழுந்தது, அடியில் ஏதோ நூல் நூலாகச் சுழன்றது.

லயத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"என்னக்கா பண்றீங்க? இந்தக் கண்றாவியவா குடுத்தனுப்புறது? பீலித் தண்ணி எங்க வீட்டுல ஒரு கொடம் இருக்கு, எடுத்தாரேன்."

"வாயப் பொத்துங்கடி."

"கீழ் லயத்துக்காரிங்க சிரிப்பாளுங்க. மானம் போயிரும்."

"மானத்தக் கரைச்சுப் பிள்ளைக்குப் புகட்டவா? போங்கடி அங்கிட்டு!"

அவள் கற்றுக்கொடுத்த பாடத்தை அவளிடமே ஒப்புவித்தார்கள், நன்றாகத்தான் படித்திருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து போத்தலை சுதர்ஷினியின் கையில் வைத்தாள். சுதர்ஷினி அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதுதான் எங்க தண்ணி. ஐயாகிட்டச் சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும்."

"சொன்னாருக்கா. நான் கொண்டு போறேன், நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க" என்று சொல்லி, போத்தலைப் பைக்குள் பத்திரமாக வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

பவளராணி இஸ்தோப்பில் நின்றாள். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போலிருந்தது. ஆட்டோ தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே ரோடு வளைகிற இடத்தில் அது நின்றது. சுதர்ஷினி இறங்கினாள். அக்கம்பக்கம் தேடவில்லை, டிரைவரிடம் கேட்கவுமில்லை. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சப்பாத்துக் காலோடு புல்லில் இறங்கி, நேராகப் பீலியடிக்குப் போனாள். பையிலிருந்து போத்தலை எடுத்துக் கவிழ்த்தாள். இரண்டு தரம் அலசினாள். பீலியில் பிடித்து நிரப்பினாள்.

"ஏய்!" என்று கத்தினாள் பவளராணி. லயமே திரும்பிப் பார்த்தது. "ஏய், சுதர்ஷினி! அது எங்க தண்ணி இல்லடி! கொட்டுடி அத! எம் பேத்தி குடிக்கிற தண்ணி அது இல்லடி, நாசமாப் போறவளே!"

காற்று மேல்நோக்கி வீசிக்கொண்டிருந்தது. சுதர்ஷினி மூடியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேலே இஸ்தோப்பில் கையை வீசி வீசி நிற்கிறவளைக் கண்டாள். போத்தலைப் பைக்குள் போட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, போய் வருகிறேன் என்று அவளும் கையை அசைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.